கழட்டின பிரேக்கு

ம், மிதிச்சுப் புடிச்சிருக்கேன். விடல. நீங்க அங்கிட்டுத் திருகுங்க தம்பி. ஒங்க ஆளு கல்யாணத்துக்குப் போயிட்டா என்ன, மிதிக்கறதுக்கு நான் இல்லையா. காத்து பூராம் போயி எண்ணெய் மட்டும் வரணும், அவ்வளவுதானே? பதினெட்டு வருசமா இந்த ஜீப்போட குடித்தனம் பண்றேன், இது கூடவா தெரியாது.

விட்டுட்டேன். இந்தா, திரும்ப மிதிக்கிறேன்.

ஆனா அந்த ஒரு பேச்ச மட்டும் பேசாதீங்க ஆத்மநாதன் தம்பி. லைனிங் நல்லாருக்குக்கா, சிலிண்டரு கசியலக்கா, நல்லாருக்க டிரம்ம எதுக்குக்கா கழட்டிட்டு டிஸ்க்கு போடுறீங்கன்னு காலையிலேருந்து மூணு வாட்டி கேட்டுட்டீங்க. ரோட்டுல போறவுக காதுல விழுகுது. இலுப்பூருல ஒரு காதுல விழுந்தா ஒம்பது ஊருக்குப் போயிரும்.

எதுக்குப் போடுறேன்னா, எங்க மூத்தாரு போடச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரோட அண்ணன், பெரியகருப்பன், தெரியும்ல ஒங்களுக்கு. முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க்கு போட்டுரு ராணி, இனிமே யாரு மேலயும் ஏறிறக் கூடாதுன்னு ஊரு முன்னால சொன்னாரு. கேட்டவுகளெல்லாம் அடடா, தம்பி பொண்டாட்டி மேல எம்புட்டு அக்கறைன்னாக. அக்கறையும் இல்ல, சக்கரையும் இல்ல. டிஸ்க்கு போடணும்னா டிரம்மக் கழட்டித்தானே ஆகணும். கழட்டின சாமான சாக்குல கட்டி வண்டிக்காரவுக கையில குடுக்கறது ஒங்க பட்டறைப் பழக்கம். மாத்தாமயே மாத்திட்டேன்னு ஏமாத்தலன்னு காட்டறதுக்கு. அந்தச் சாக்குதான் அவருக்கு வேணும்.

நாளைக்குக் காலையில அவுத்துப் பாக்க வாராரு. லைனிங் தேஞ்சிருந்தா நான் பொழச்சேன். நல்லாருந்தா, இதே ஜீப்ப என் மேல ஏத்துவேன்னு எங்க வாசல்ல நின்னு சூடத்தக் கொளுத்தி அணைச்சுட்டுப் போயிருக்காரு. செய்யக்கூடிய மனுசன்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கண்மாய் மீன்புடியில கச்சா வலையப் பெரட்டிவிட்ட தகராறு, ஒருத்தன் காத அறுத்து அவன் கூடையிலயே போட்டுட்டு வந்தவரு. கேஸு நடந்துச்சு. சாச்சி சொல்ல ஒரு பய வரல.

ஒங்களுக்கும் போன் போட்டிருப்பாரே? ம். என்ன சொன்னீங்க? கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னீங்களா. சாமி காப்பாத்துச்சு.

அதான் கேக்கறேன் தம்பி. அந்த மூலையில குமிச்சுப் போட்டிருக்கீங்கள்ல, எவன் வண்டியிதோ, ஆணித் தலை தெரியத் தேஞ்சு கெடக்கே பிரேக்கு ஷூவு, அதுல நாலு எடுத்து எண்ணெயத் தடவி எங்க சாக்குல போட்டுருங்க. என்னுதத் தூக்கி அந்தக் குமியில போட்டுருங்க. அம்புட்டுத்தான்.

பொய் சொல்ல மாட்டீங்களா. பொய்யி யாரு சொல்லச் சொன்னா? நீங்க வாயவே தொறக்க வேணாம். சாக்குப் பேசிக்கிரும்.

மிதிக்கவா? ம். இப்பக் கொஞ்சம் கெட்டியா இருக்கு. முன்ன பொதபொதன்னு உள்ள போச்சு.

ஊருக்குத் தெரிஞ்சது ஒங்களுக்கும் தெரியும். போன மாசம் மூணாவது சனிக்கெழமை, மத்தியானம். நானும் எங்க அத்தையும் ஜீப்புல வாரோம். கண்மாய்க் கரையிலேருந்து எறங்குற எறக்கத்துல அவரு நிக்கிறாரு, எங்க வீட்டுக்காரரு. பிரேக்க மிதிச்சேன், புடிக்கல, மேல ஏறிருச்சு. இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு, தொடை ரெண்டும் போச்சு. வண்டி குலுங்குன குலுங்கல்ல அத்தைக்கும் கை ஒடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில போலீஸ்காரவுக வந்து கேட்டாக. சொந்த வண்டி, பிரேக்கு புடிக்கலன்னு சொன்னோம். அத்தையும் அதையேதான் சொன்னாக. பெத்த தாயே சொல்லும்போது அதுக்கு மேல என்ன கேப்பாக, எழுதிக்கிட்டுப் போயிட்டாக. ஒலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியாதும்பாக. எங்க ஊரு வாயே மூடிக்கிருச்சு. ஏன்னா அவருக்கு அடிபட்டதுல அழுக ஊருல ஆளு இல்ல.

முந்தாநாளு அவருக்கு நல்லா நெனவு வந்திருச்சு. வந்ததும் அண்ணன்கிட்டச் சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? வண்டி நின்னுச்சுண்ணே, நின்னுட்டு மறுபடி வந்துச்சுன்னு.

அதான். அதுக்குத்தான் இந்த டிஸ்க்கு.

ஈரத்துல டிரம்மு புடிக்காதுன்னு சொல்லிக்கிரலாம்கிறீங்களா? நானும் அத யோசிச்சேன் தம்பி. கண்மாய்ல சித்திரையிலேருந்து சொட்டுத் தண்ணி இல்ல. மூத்தாருக்கு அது தெரியாதா?

ஏன் இந்த அக்காவுக்காகப் பொய்க்குத் துணை போகணும்னு ஒங்க மனசு கேக்குது. கேக்கட்டும். நல்லவுகளுக்குக் கேக்கத்தான் செய்யும். இந்தா, இந்தக் கை வெரல் முட்டியப் பாருங்க. நடு வெரலு மடங்காது. எனக்கு ஜீப்பு ஓட்டப் படிச்சுக் குடுத்தது அவருதான். பொண்டாட்டிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்குற புருசன்னு எங்க அப்பன் வீட்ல பெருமையாப் பேசினாக. குடிச்சுட்டு விழுந்து கெடந்தா வீட்டுக்குக் கொண்டாந்து சேக்க ஆளு வேணும்ல, அதுக்கு. கியரு கரக்குன்னு ஒரு சத்தம் போட்டா வீல் ஸ்பேனரால முட்டியில ஒண்ணு. ரெண்டே நாள்ல சத்தமில்லாமப் போடக் கத்துக்கிட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாக. எங்க வீட்ல அந்தக் கைக்கு அடிக்கறதுக்கே நேரம் பத்தல.

என்னைய விடுங்க. தைலமரக் காட்டுக்கு வெட்டு ஆளுகள ஏத்திக்கிட்டுப் போற வண்டி இது. அன்புமொழின்னு ஒருத்தன், காய்ச்சல்னு ஒரு நாளு வேலைக்கு வரல. வீட்லேருந்து தலமுடியப் புடிச்சு இழுத்தாந்து, அவன் கையக் கட்டி, கயித்த ஜீப்புக்குப் பின்னால மாட்டி, செம்மண் ரோட்டுல ஓட விட்டாரு. ஓடுற வரைக்கும் ஓடினான். அப்பறம் விழுந்தான். விழுந்ததுக்கு அப்பறமும் வண்டி நிக்கல. முதுகுத் தோலு உரிச்ச கோழி கணக்கா வந்துருச்சு. இன்னைக்கும் அவனுக்கு மல்லாக்கப் படுக்க முடியாது.

வண்டிய ஓட்டினது யாருன்னு நெனைக்கிறீங்க? நாந்தான். அவரு பின்னால கயித்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. பிரேக்குல காலு பட்டுச்சு, அடுத்தாப்புல கயித்துல நீதான்னாரு. நான் கால வைக்கல தம்பி. கண்ணாடியில அவன் உருளுறது தெரியுது. கத்தறது கேக்குது. ஒரு மைலு ஓட்டினேன். அந்தப் பாவத்த எங்க கொண்டு போயிக் கொட்டறது, சொல்லுங்க.

ம்? ஆமா, போலீஸ்ல யாரும் சொல்லல. அன்புமொழியே சொல்லல. மாட்டுக் கயித்துல கை மாட்டி இழுபட்டுட்டேன்னுதான் அவன் சொன்னான்.

பெத்த தாயையாச்சும் விட்டாரான்னா, அதும் இல்ல. எங்க அத்தை, அந்தா டீக்கடையில கட்டுப்போட்ட கையோட ஒக்காந்திருக்காகல்ல, அவுகளத்தான் சொல்றேன். மூக்காயி. எங்க அப்பனோட கூடப் பொறந்தவுக, எனக்கு மாமியா. ஒரு தடவ கொழம்புல உப்புக் கூடன்னு அவுக தலைய அந்தக் கொதிக்கிற கொழம்புச் சட்டிக்கு நேரா அமுக்கிப் புடிச்சாரு. மூஞ்சி பூராம் ஆவி அடிச்சுத் தோலு வழண்டு போச்சு. கேட்டவுககிட்ட அடுப்புல தவறிட்டேன்னாக. மகனக் காட்டிக் குடுக்க மாட்டாக. என்னையும் விடமாட்டாக, பேசாம இரு ராணி, அவன் அப்பன் புத்தி, வயசானாத் தீரும்பாக. நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு அவருக்கு. எப்பத் தீரும்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மிதிச்சுட்டேன், புடிச்சிருக்கேன். அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் எடுக்கணுமா? எடுங்க, எடுங்க. எனக்கு அவசரமில்ல. மகளப் பள்ளிக்கூடத்துல போயி ஏத்தணும், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

மக இலக்கியா. பன்னெண்டாவது. அன்னைக்குச் சனிக்கெழமை ஸ்பெஷல் கிளாஸு. பஸ்ஸ விட்டுட்டா. கூடப் படிக்கிற பயலோட பைக்குல ஏறி வந்துட்டா, எங்க தெரு முக்கு வரைக்கும். நல்ல பிள்ளை அந்தப் பய, தெரு முனையில எறக்கி விட்டுட்டு எங்கிட்டயும் அக்கா வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனான். எவனோ ஒருத்தன் அதப் போயி அவருகிட்ட ஊதிட்டான்.

ஜாக்கிக் கம்பியத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தாரு. தலைக்குத்தான் ஓங்கினாரு தம்பி. கால்ல கையில இல்ல, தலைக்கு. நான் அடுப்படியில இருக்கேன், ஓடி வாரதுக்குள்ள அத்தை குறுக்க கைய நீட்டிட்டாக. மரம் முறியற மாதிரி சத்தம். எலும்பு தோலக் கிழிச்சு வெளிய வந்து நிக்கிது. அவரு ரத்தத்தப் பாத்துட்டு அப்படியே கம்பியக் கீழ போட்டுட்டு வெளிய போயிட்டாரு. தின்ன சோறு சீரணிக்கப் போற மாதிரி, நெதானமா.

இல்ல தம்பி. வண்டி குலுங்கி ஒடஞ்ச கை இல்ல அது. ஊருக்குச் சொன்னது வேற.

பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் நெனச்சேன். அவ பயத்துல கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டா, இழுத்தாலும் வரல. அத்தைக்கு ரத்தம் நிக்கல. உள்ள வச்சு வெளியப் பூட்டிட்டு, அத்தைய முன் சீட்டுல ஏத்தி, ஒடஞ்ச கையத் துண்டுல தொங்க விட்டு, ஆஸ்பத்திரிக்கு ஜீப்ப எடுத்தேன். அரை மணி நேரத்துல வந்துருவேன்னு பிள்ளைக்குச் சன்னல் வழியாச் சொல்லிட்டு வந்தேன். அவரு சாராயத்துக்குத்தான் போயிருப்பாருன்னு நெனச்சேன். நான் பண்ணின தப்பு அதான். அரிவாள எடுக்கப் போயிருக்காரு.

என்ன தம்பி, திருகறத நிறுத்திட்டீங்க? திருகுங்க. பேசிக்கிட்டே வேலையும் நடக்கட்டும்.

கரையில ஏறி எறக்கத்துல திரும்புறேன், நடு ரோட்டுல நிக்கிறாரு. கையில அரிவாளு. பிரேக்க மிதிச்சேன். நல்லாத்தான் புடிச்சிச்சு. நீங்க மாட்டிக் குடுத்த லைனிங்குதானே, தைப் பொங்கலுக்கு முன்னாடி, புடிக்காம என்ன செய்யும். பம்பருக்கும் அவரு முட்டிக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும். நின்னுச்சு. அவரு சொன்னதுல ஒரு எழுத்துப் பொய்யி இல்ல.

ஒரு கால பம்பரு மேல தூக்கி வச்சாரு. அரிவாளால பேனட்டுல ஒரு வெட்டு. அந்தா அந்தத் தகரம் கிழிஞ்சிருக்கு பாருங்க, மரம் குத்துனதுன்னு சொன்னேன்ல ஒங்ககிட்ட, அதான். சிரிக்கிறாரு. கெழவியக் கூட்டிக்கிட்டுப் போயிக் கட்டுப் போட்டுட்டு வா ராணி, ஒண்ணும் அவசரமில்ல, நீ வாரதுக்குள்ள பூட்ட ஒடச்சு அவள ரெண்டா வெட்டி வாசல்ல போட்டு வைக்கிறேன்னாரு. சும்மா மெரட்டறதுக்குச் சொல்றவரு இல்ல அவரு. சொல்லிட்டுச் செய்யாம விட்டது எதுவும் எனக்கு நெனவுல இல்ல.

அந்த எறக்கம் ஒங்களுக்குத் தெரியும். கியரும் வேணாம், ஆக்சிலேட்டரும் வேணாம். பிரேக்குலேருந்து கால எடுத்தா வண்டி தானா உருளும்.

எனக்கு எடுக்கணும்னு தோணல தம்பி. ஒங்ககிட்ட நல்லவ வேசம் போடல, நெசமாத் தோணல. பயந்து பயந்து காலு கட்டையாப் போயிருந்துச்சு. அவரு மூஞ்சிய நிமுந்து பாக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல.

அத்தைதான் பாத்தாக. கண்ணாடி வழியா, பெத்த மகன் மூஞ்சிய நேருக்கு நேரா. பாத்துக்கிட்டே சொன்னாக, கால எடு ஆத்தான்னு. நான் எடுக்கல. நல்ல கைய நீட்டி என் தொடையில வச்சு, அழாம கொள்ளாம, இன்னொரு வாட்டி சொன்னாக.

அப்பறம்தான் எடுத்தேன்.