சுவருக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர்

— “ஒரு கூடம் முழுக்கத் தூண். கண்ணைக் கட்டின ஆயிரம் பேரை நடுவுல விட்டா, எத்தனை பேர் சுவர்கிட்ட வந்து சேருவாங்க?” இதானே அண்ணா நீ என்கிட்ட கேட்ட முதல் கேள்வி?

— ஆமா. நீ பதில் சொல்லாம, கதவு திறந்திருக்கான்னு என்னையே திருப்பிக் கேட்ட.

— நீ விழுந்து விழுந்து சிரிச்ச.

— பின்னே? தூணை அணுவா, ஆளை நியூட்ரானா வெச்சு, அது எப்படிப் பரவுதுன்னு நான் கணக்குப் போட்டுட்டு இருக்கேன், இவ கதவை விசாரிக்கிறா... அந்தப் பேப்பர்க் கட்டை இங்க தள்ளு, கயிறு போடலாம். இருபத்தெட்டு வருஷக் குப்பை. நாளைக்கு ரிட்டயர் ஆனதும் காலேஜ்ல இந்த அறையைக் காலி பண்ணித் தரணும்.

— குப்பைன்னா அடுக்க எதுக்கு என்னைக் கூப்பிட்ட... இரு. இது நான் போட்ட கிராஃப்தானே?

— நீதான். எனக்குக் கோடு போட்டா கை ஆடும்.

— ஒரு பக்கம் அம்மா இருமல், ஒரு பக்கம் நீ எண் எண்ணா வாசிப்ப. அடுப்புல வெந்நீர் கொதிக்கும். நான் புள்ளி வைப்பேன்.

— கிராஃபைட் கட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, உள்ள கருவியைத் தள்ளித் தள்ளி நியூட்ரானை எண்ணினேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி.

— மூஞ்சியெல்லாம் கரியோட வருவ. படிக்கிறியா, ரயில் எஞ்சின் ஓட்டுறியான்னு அம்மா கேப்பாங்க.

— எட்டு மாசம்... கணக்கு ஒண்ணு சொல்லும், கருவி வேற சொல்லும். கருவியை ரெண்டு தடவை மாத்தியாச்சு. பேராசிரியர்கிட்ட எதைக் கேட்டாலும் “போய் அளந்து பாரு”ன்னு ஒரே பதில்.

— வீட்டுல உப்பு போதுமான்னு கேட்டாலும் அதான் சொல்லியிருப்பாரு.

— கிண்டல் பண்ணாத. அவர்தான் என்னைக் காப்பாத்தினாரு. நாளைக்கு விழாவுல அதைத்தான் பேசப் போறேன், கேளு. “சுவர்ல, அதாவது கிராஃபைட் அடுக்கோட ஓரத்துல, நியூட்ரான் எண்ணிக்கை பூஜ்யம்னு வெச்சே நான் கணக்குப் போட்டேன். தப்பு. ஒரு நாள் என் கிராஃப் ஓரத்துல பென்சில்ல ஒரு வரி. ‘கோடு சுவருக்கு வெளியே ரெண்டு சென்டிமீட்டர் தள்ளித்தானே பூஜ்யத்துல முடியுது?’ அந்த ஒரு கேள்வியில என் டாக்டர் பட்டம் பிழைச்சது. கேட்டவர் என் பேராசிரியர்.”

— அந்தக் கடைசி வரியை எடுத்துடேன்.

— ஏன்? மனுஷன் போய் ஆறு வருஷம் ஆச்சு. இதுகூடச் சொல்லலைன்னா எப்படி?

— அப்பவே அவர்கிட்ட நன்றி சொன்னியா?

— சொன்னேன். நான் எழுதலையேன்னாரு. பெருந்தன்மை.

— அவரு பொய் சொல்ற ஆளா அண்ணா?

— டீ ஆறுது பாரு.

— ஆறட்டும். சுவர்கிட்ட வந்தவன் அங்கயே காணாமயா போயிடுறான்? வெளிய போயிட்டுதானே இருக்கான்? வாசல்ல இருக்கிறவனையும் எண்ணணும்ல. புள்ளி வெச்சுக் கோட்டை இழுத்தப்போ அது தானா வெளிய போச்சு. நான்தான் எழுதினேன்.

— அந்தக் கயிறை இப்படிக் குடு.

— நேர்ல கேக்கப் பயம். அந்த வருஷம்தானே அம்மாவைப் பாத்துக்கன்னு என்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தினீங்க? ஒன்பதாவதோட நின்னவ உனக்குத் தப்பு சொல்றதான்னு... நீயா கண்டுபிடிப்பேன்னு இருந்துட்டேன். என்னைப் பத்திப் பேச வேண்டாம். அவர்னு சொல்லாத, அவ்வளவுதான்.

— கண்டுபிடிச்சேன்.

— என்னது?

— அன்னிக்கே. கேள்விக்குறிக்குக் கீழ புள்ளி வைக்காம குட்டி வட்டம் போடுறவ நீ ஒருத்திதான்.

— அப்புறம் எதுக்கு அவர்கிட்ட போய் நன்றி...

— நீதான்னு தெரியும்னு ஒத்துக்கிட்டா, இவ்வளவு புத்தி இருக்கிற உன்னைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பணும். அம்மா பக்கத்துல நான் உக்காரணும். அதான்... அவர்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பாதி நாள் நானே நம்பிட்டேன்... ஏன் பையை எடுக்குற? திட்டிட்டாவது போ... ஏய்... கதவைச் சாத்தாமயே போறியே...