பதினோரு வெள்ளை நாய்களும் ஓர் இலவசக் குளியலும்

பட்டப்பகலில் பதினோரு ராஜபாளையம் நாய்களைத் திருடியவன் நான். பதினோரு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினார்கள். இரண்டு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் முறுக்கைத் தாளில் சுற்றி என் சட்டைப்பையில் திணித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வரை அந்தப் பதினோரு வீடுகளில் ஒரு வீட்டிலும் நாய் காணாமல் போகவில்லை.

நம்ப மாட்டீர்கள். பிச்சை முகம்மது சொன்னால் நம்பக்கூடாது என்று செட்டியார்பட்டியிலிருந்து மடவார் வளாகம் வரைக்கும் ஒரு பொதுக்கருத்து உண்டு. முப்பத்தெட்டு வருடம் ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன், ஒரே தும்மலில் நாற்பது இழையை அறுத்தவன் என்று நான் சொன்னபோதும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. என்னை நம்பாவிட்டால் பியூலாவை உள்ளே வைத்துவிடுவார்கள், சோழபுரத்துக் காப்பகத்துக்குப் பூட்டு விழும், அறுபத்துமூன்று நாய்கள் தெருவுக்குப் போகும்.

பியூலா முன்பு நர்ஸாக இருந்தவள். மாந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, அடிபட்டது, சொறி பிடித்தது, வேண்டாம் என்று விட்டுப்போனது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறாள். ரிட்டயர் ஆன மறுவாரம் சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். ஆறு வருடமாகிறது, இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு டிரம்மில் குருணையும் கோழிக்காலும் வேகும். அந்த வாசனைக்கு நாய்கள் குதிக்கிற குதியில் தகரக் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கும். மூன்று கால் நாய் ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் அது டவுன் பஸ்ஸை முந்தியதை நான் கண்ணால் பார்த்தேன். பஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது என்று பியூலா சொல்வாள்.

வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி அசீனா பின்கட்டில் மண்சட்டியோடு நிற்பாள். எங்கள் மார்க்கப்படி நாய் நக்கிய இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. என்னை நக்காத நாயும் கிடையாது, நக்காத இடமும் கிடையாது. ராஜபாளையம் தாலுகாவிலேயே என்னைப்போல் சுத்தமான மனிதன் இல்லை. தோல் இரண்டு சுற்று மெலிந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வெள்ளை நாயில் ஈற்றுக்கு ஒன்றிரண்டு பிறவியிலேயே காது கேளாமல் விழும். காவலுக்கு உதவாது என்று அட்டைப்பெட்டியில் போட்டுக் காப்பகத்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தத்தெடுக்க வருகிறவர்கள் முதலில் கையைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படி எங்களிடம் பதினோரு செவிட்டு நாய்கள் தங்கிவிட்டன.

அதுகளை நான் பேசப் பழக்கினேன். மில்லில் ரிங் ஃபிரேம் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது, அதனால் உள்ளே எல்லாம் கைப்பாஷைதான். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் நிறுத்து. இரண்டு விரலைச் சுண்டினால் இங்கே வா. கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. பத்து நாளில் பதினொன்றும் கற்றுக்கொண்டன. டீ சைகை காட்டினால் வரிசையில் வந்து நிற்கும், பன் வேண்டும். என்னிடம் வேலை பார்த்த ஆட்களில் பாதிப்பேருக்கு இந்த ஒழுங்கு வரவில்லை.

இவ்வளவு நல்ல பிள்ளைகளுக்கு வீடு இல்லை. ஊருக்குள்ளோ, காது கேட்கிற வெள்ளை நாய்கள் நல்ல நல்ல வீடுகளில் இருக்கின்றன. அதுகளுக்கு என்ன, எந்த வீட்டுக்கும் போகும், காப்பகத்தில் கொண்டுவந்து விட்டால் ஒரே வாரத்தில் ஆள் வந்து கூட்டிப்போய்விடும். அப்படியென்றால் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் போதும். எல்லாருக்கும் வீடு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் பல கோணத்தில் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

காப்பகத்து லோடு ஆட்டோவில் ஒரு போர்டு கட்டினேன். வெள்ளை நாய்களுக்கு இலவசக் குளியல், நகம் வெட்டுதல். காலையில் நாயை வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் அதே உயரம், அதே மூக்கு, அதே வயதில் ஒரு நாயைக் கொண்டுபோய் விடுவேன்.

“என்ன பாய், புது நாய் கணக்கா ஆக்கிட்டிகளே” என்பார்கள்.

“புதுசுதாங்க” என்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

நாய் கூப்பிட்டால் வரவில்லை என்று ஒரு வீட்டிலும் புகார் எழவில்லை. பழைய நாயும் கூப்பிட்டு வந்ததில்லை போலிருக்கிறது. செவிட்டு நாய்களுக்கு வீடு கிடைத்துவிட்டதாகவும், கேட்கிற நாய்களை வாசலில் யாரோ விட்டுப்போனதாகவும் பியூலாவிடம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்து, “இந்த அழகை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு அண்ணாச்சி” என்று கண்கலங்குவாள். எனக்கும் அப்படித்தான் இருக்கும். பத்து நாய்கள் கோயம்புத்தூர், பெங்களூரு என்று பெரிய பெரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

துரை மட்டும் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனியாக இருக்கும் சண்முகத்தாய் வீட்டு நாய். வந்த நாளிலிருந்து வேலிப்பக்கம் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அந்தத் திசையில்தான் இருக்கிறது. நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வடக்குக் காற்று ஒத்துக்கொண்டிருக்கும், அதனால் அங்கே உட்கார்கிறது என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய் ஆட்டோ பிடித்துக் காப்பகத்துக்கு வந்துவிட்டார். வீட்டு நாய் இப்போதெல்லாம் குரைப்பதே இல்லை, ஏதாவது வைத்தியம் உண்டா என்று கேட்கத்தான். கண்ணில் புரை, ஆள் நிழலாகத்தான் தெரியும். வாசலில் நின்று, “ஏ பியூலா, இருக்கியா தாயி” என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். ஆறடி வேலியை, நான் பன்னிரண்டடி என்றுதான் சொல்வேன், துரை ஒரே தாவாகத் தாண்டி வந்து அவர் கால் பெருவிரலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து தடவினார். “எம் புள்ளைய களவாண்டு வச்சிருக்கியாடி” என்று அவர் போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த மாம்பிஞ்சு எல்லாம் உதிர்ந்தது.

மறுநாள் காலை காவல் நிலையம். பெஞ்சில் பியூலா, முகம் வெளுத்துப்போய். எதிரில் சண்முகத்தாய், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை நாய்கள். அவர் வீட்டில் நான் விட்ட நாய்க்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. ஏட்டு குருசாமி பேனாவோடு தயாராக இருந்தார். நான் போய் நின்று, மேலே சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எஸ்.ஐ. நவநீதகிருஷ்ணன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“பாய், போன மாசம் டீக்கடைல, ஒரு நாய் அய்யனார் அருவில கீழருந்து மேல நீந்தி ஏறுச்சுன்னு சொன்னது நீங்கதான?”

“தண்ணி கம்மியா இருந்துச்சு சார்.”

“இந்தம்மாவக் காப்பாத்த கத விடுதீக. அவுகவுக வீட்டு நாய மாத்துனா தெரியாமலா இருப்பாக?”

“அண்ணாச்சி, வேண்டாம். எனக்காகப் பொய் சொல்லாதிய” என்று பியூலாவும் சேர்ந்துகொண்டாள். ஆறு வருடம் கூடவே இருந்தவளுக்கும் நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் சண்முகத்தாய் பேசினார், யாரையும் பார்க்காமல். “நாலு மாசமா இவனுக்கு எம்மேல கோவம்னுல்ல நெனச்சேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான். என்னலே தப்பு செஞ்சேன், மன்னிச்சிருலேன்னு தெனமும் கெஞ்சுவேன். முன்ன இவன் கொரைக்கத வச்சே பால்காரனா, தபால்காரனான்னு சொல்லிருவேன். பொறவு யாரு வாராகன்னே தெரியல. பகல்லயும் கதவ அடச்சே கெடந்தேன்.”

கதவை அடைத்து வைப்பது நல்ல பழக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போய்ப் பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

“சார், ஜீப் சைரனைப் போடுங்க” என்றேன்.

எஸ்.ஐ. சலித்துக்கொண்டே போடச் சொன்னார். எதிர்க் கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். துரை தலையைத் தூக்கி ஊளையிட்டது. பஞ்சு மட்டும் சண்முகத்தாய் சேலை நுனியில் மூக்கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“சரி, செவிடு. நீங்கதான் மாத்துனீகன்னு எப்படி நம்ப?”

வாசலுக்குப் போய், தரையில் காலால் ஓங்கித் தட்டினேன். அதிர்வில் பஞ்சு கண்ணைத் திறந்தது. இரண்டு விரலைச் சுண்டினேன். சைரனுக்குக் கூடிய இருபது பேரை விலக்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கையை அமுக்கினேன், நின்றது. கட்டைவிரலை வாய்க்குக் காட்டினேன். வடைக்காரர் முன்னால் போய் வரிசையில் நிற்பதுபோல் நின்றது. பியூலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எஸ்.ஐ. செத்த நேரம் பஞ்சுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, மூலைக்குப் போய், தணிந்த குரலில், “ஏட்டி, நம்ம நாயக் குளிப்பாட்ட யாராச்சும் வாங்கிட்டுப் போனாகளா?” என்றார்.

அவர் வீட்டம்மாவுக்குக் கணீர் என்ற குரல், எங்களுக்கும் கேட்டது. “ஆமா, ஆடி மாசம் ஒரு பாய் வந்தாகளே. நகம்லாம் வெட்டி, தங்கமான மனுசன். முறுக்கு குடுத்துவிட்டேன். அதுக்குப் பொறவு நம்ம நாய் எம்புட்டு அமைதி.”

வீடுகளைச் சொல்லிக்கொண்டு வந்தபோது அந்த ஒரு வீட்டை மட்டும் யாருடையது என்று சொல்லாமல் விட்டிருந்தேன். காவல்துறை மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

“அதுக்குப் பின்னால போயி ஒரு தட்டத் தட்டு” என்றார் எஸ்.ஐ.

போனுக்குள் தட்டுச் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவை குழம்புக் கரண்டியால் அடித்திருக்க வேண்டும், ஏட்டு குருசாமி பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“அசையலையேங்க. நல்லாத் தூங்குது.”

எஸ்.ஐ. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பியூலாம்மா, நீங்க கெளம்புங்க” என்றார். “ஏட்டய்யா, பாய் சொன்னத அப்படியே எழுதிக்கிடுங்க. அம்புட்டும் நடந்திருக்கு. எங்க வீட்டுலயும் நடந்திருக்கு.”