பச்சையம்மா பாட்டு

நிறுத்தாதக்கா, நிறுத்தாத. ரேடியோ ஓடட்டும். நல்லா பாடிகினு கீற பாட்ட எதுக்கு நிறுத்தற? ஜாக்கெட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல. கையிதான் புடிக்குது, ஒரு விரக்கட லூசு பண்ணாப் போதும். நீ பாட்டுக்குத் தையி, நான் பாட்டுக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்துகினு கீறேன்.

எனக்கு கூடுவாஞ்சேரி. ஆமா, அங்கருந்துதான். அங்க டெய்லரு இல்லாம இன்னா, தெருவுக்குத் தெரு கீறாங்க. இங்க மாமல்லபுரத்துல ஒரு ஜோலி, அதான் வந்தேன். எம்பேரு ஆராயி.

இந்தப் பாட்டு எங்க தெருவுல பண்ற பேஜாரு உனக்குத் தெரியாதுக்கா. எந்தக் காலத்துலயோ நடவு நட்டுகினு கீறப்போ பாடி, யாரோ டேப்புல புடிச்சி வெச்சதாம். இந்த எஃப்எம்காரங்க கைல எப்பிடியோ மாட்டிக்கிச்சு. காலைல நாஸ்தா நேரத்துல ஒருவாட்டி, மத்தியானம் நேயர் விருப்பத்துல ஒருவாட்டி. பாட்டுல இன்னா பெருசா கீது சொல்லு? தண்ணிக்குப் போன பச்சையம்மா வூட்டுக்கு வரல. ஏன் வரலன்னு அவன் கேக்கறான். கொளம் வத்திப் போச்சுன்னு இவ சொல்றா. அவ்ளோதான். அதுக்கு ஊரே அழுவுது.

எங்க பக்கத்து வூட்ல பர்வதம் டீச்சர்னு ஒருத்தங்க. ரிட்டையர் ஆனவங்க, தங்கமானவங்க. அவங்க வூட்ல போர் தண்ணி, முனிசிபாலிட்டி தண்ணி, கேன் தண்ணி, மூணும் வருது. பச்சையம்மாவுக்குத் தண்ணி கெடைக்கலன்னு உப்புமாவ முன்னால வெச்சிகினு மூக்க சிந்துவாங்க. ஏன் டீச்சர்னு கேட்டா, எனக்கே தெரியல ஆராயின்னுவாங்க. கேன் போடற ரமேஷு கீறானே, அவன் வண்டிய நடுத்தெருவுல நிறுத்திட்டு ஹேண்டில் மேல தலைய சாச்சிக்குவான். பின்னால ஸ்கூல் வேன் ஆரன் அடிக்கும். வேன்காரன் திட்டறதுக்குன்னு இறங்கி வருவான். வந்து அவனும் நின்னுக்குவான்.

ரேடியோவுக்கு போன் போடறவங்க இன்னும் மோசம். அணுபுரத்துலருந்து ஒரு இஞ்சினியரு போன் போட்டு, இந்தப் பாட்டு கேட்டா எங்கம்மா ஞாபகம் வருதுன்னு விக்கி விக்கி அழுவறாரு. அந்த ரேடியோவுல பேசற பையன், தேஜஸுன்னு, அம்மா இப்ப எங்க சார்னு மெதுவா கேட்டான். பக்கத்து ரூம்ல தூங்கறாங்கன்னாரு.

எனக்கா? எனக்கு ஒண்ணும் வரலக்கா. நான் நெஜமாலுமே இடுப்புல கொடம் வெச்சிகினு தண்ணிக்கு நடந்தவ. எனக்குக் காலுதான் வலிச்சுது. பாட்டெல்லாம் வரல.

ஆனா எங்க வூட்டுக்காரரு கத வேற.

சுப்பிரமணின்னு பேரு. மறைமலைநகர்ல கம்பெனி பஸ்ஸு ஓட்டிகினு இருந்தாரு. போன தீபாவளிக்கு முன்னால, குளிக்கப் போனவரு சோப்பும் கையுமா உள்ளயே சாஞ்சிட்டாரு. பக்கவாதம். வலது கையி, வலது காலு பூட்ச்சி, பேச்சும் பூட்ச்சி. நாம சொல்றதெல்லாம் புரியுது. சாப்புடறியான்னா தலைய ஆட்டுவாரு. வாயத் தொறந்தா மட்டும் ம்பா, ம்பான்னு ஒரே சத்தம்.

முன்னால மட்டும் ரொம்பப் பேசுவாரான்னு கேக்காத. பேச மாட்டாரு. கட்டிகினு வந்த நாள்லருந்து என்னிய ஒருவாட்டி பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. இந்தா, தே, அவ்ளோதான். ஆனா அப்பல்லாம் பேசலன்னா கோவமா கீறாருன்னு தெரியும். கொழம்புல உப்பு பத்தலன்னு தெரியும். இப்ப ஒண்ணும் தெரியல. ஒரு வூட்ல ரெண்டு பேரு, நான் ஒருத்தியே பேசிகினு கெடந்தேன்.

ஒரு நாளு கஞ்சி ஊட்டிகினு கீறேன். டீச்சர் வூட்டு ரேடியோவுல இந்தப் பாட்டு வருது. திடீர்னு இவரு பாடறாருக்கா. ம்பா இல்ல. வார்த்த வார்த்தயா, ராகத்தோட, தெளிவா. கஞ்சி ஒரு பக்கம் தாவாக்கட்டைல வழியுது, அவரு பாடறாரு. நான் தட்ட கீழ வுட்டுட்டேன். டீச்சர் செவுத்துக்கு அந்தாண்டருந்து செருப்பு கூட போடாம ஓடியாந்தாங்க. ரமேஷு கேன தோள்லருந்து இறக்காமயே வாசல்ல நின்னான். அன்னிக்கு நானும் அழுதேன். இல்லன்னு சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு ஒண்ணு கீது, சுப்ரஜான்னு. ஓடிப் போயி அதுங்கிட்ட சொன்னேன். அது சிரிச்சிகினு, சில பேருக்கு அப்பிடி வரும்மா, பேச்சு வர்ற எடம் அடிபட்டாலும் பாட்டு வர்ற எடம் நல்லா இருக்கும்னுச்சு. பாட வுடுங்க, பாட்டுக்குள்ளருந்து ஒவ்வொரு வார்த்தயா வெளிய இஸ்துடலாம்னுச்சு. நான் அன்னிக்கே ஒரு புது ரேடியோ வாங்கிகினு வூட்டுக்குப் போனேன்.

அப்பறம்தான் வார்த்தய கவனிச்சேன்.

இப்ப ரேடியோவுல எப்பிடி வருது?

தண்ணிக்குப் போனவளே பச்சையம்மா – நீ
தாமசமா நிக்கிறியே இன்னாத்துக்கு?

இப்பிடித்தான? இவரு இத்தப் பாடலக்கா. ராகம் இதேதான். வார்த்த வேற.

சவுக்கு வெட்டப் போனவளே ரெஜினாம்மா – நீ
சாயங்காலம் வாரேன்னியே இன்னா ஆச்சு?

ரெஜினா. எங்க சொந்தத்துல ஆராயி கீது, மாராயி கீது, முனியம்மா மட்டும் மூணு பேரு. ரெஜினா ஒண்ணு கூட கெடையாது.

இன்னாக்கா, நூலு அறுந்துட்ச்சா? குடு இப்பிடி, நான் கோக்கறேன். எனக்குக் கண்ணு நல்லா தெரியும். இந்தா.

இந்த ரெண்டு வரி பாடிட்டு நிறுத்திடுவாரு. நிறுத்திட்டு வாசல பாப்பாரு. ரேடியோவுல பச்சையம்மா பதிலு சொல்லுவா இல்ல,

கொடம் நெறஞ்சா வந்திருப்பேன் கொமரய்யா – எங்க
கொளம் வத்திக் கெடக்குதே நான் இன்னா செய்ய?

அத்தக் கேட்டா தலைய இப்பிடி இப்பிடி ஆட்டுவாரு. அது இல்ல, அது இல்லன்னு. மறுபடியும் மொதல்லருந்து. சவுக்கு வெட்டப் போனவளே. மறுபடியும் வாசல். அந்த எடத்தத் தாண்டி ஒரு வார்த்த வரல.

எம்பொண்ணு ஜெயப்பிரியா ஞாயித்துக்கெழம வந்தா. கேட்டுட்டு குதிக்கறா. ரேடியோவ தூக்கிப் போடும்மா, உனக்கு வெக்கமா இல்லியான்றா. எனக்கு இன்னாத்துக்குடி வெக்கம், பாடறது உங்க நைனான்னேன்.

நானும் சும்மா உடலக்கா. குளிப்பாட்டி, பவுடரு போட்டு, சட்ட மாட்டி, சேர்ல உக்கார வெச்சி, எதிர்ல நின்னு, யாருய்யா அந்த ரெஜினான்னு கேட்டேன். கண்ணுல தண்ணிய வெச்சிகினு ம்பா, ம்பான்றாரு. சண்டன்னா எதிராளு வாயத் தொறக்கணும் இல்ல? தனியா எவ்ளோ நேரம் கத்தறது? நானே கத்தி, நானே ஓஞ்சி, நானே டீ போட்டுக் குடுத்தேன்.

சுப்ரஜாகிட்ட போயி நின்னேன். பேரச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, ஆனா சொன்னேன். அது ஒண்ணும் மொகம் மாறல. இது ரெண்டு பேரு பாடற பாட்டும்மா, எதிர்ப்பாட்டு வந்தாத்தான் அவருக்கு அடுத்த வரி வரும் போலருக்குன்னுச்சு. அடுத்த வரி வந்தா அதுக்கடுத்தது வரும், அப்பிடியே இஸ்துகினு போலாம், இல்லன்னா இங்கயே நின்னுடுவாருன்னுச்சு.

நான் பாடிப் பாத்தேன். வந்துட்டேன்யா, இதோ வந்துட்டேன்யான்னு. மூஞ்சத் திருப்பிகினாரு. டீச்சர் நல்லா பாடுவாங்க, சங்கீதம் கத்துகினவங்க. அவங்க ராகமா இழுத்துப் பாடுனாங்க. தூங்கிட்டாரு.

அப்பறம் ரேடியோவுக்கு நானே போன் போட்டேன். தேஜஸு தம்பிதான் எடுத்துச்சு. சொல்லுங்கம்மா, இந்தப் பாட்டு கேட்டா உங்களுக்கு எப்பிடி இருக்குன்னுச்சு. வயித்தெரிச்சலா கீதுன்னேன். சிரிச்சுச்சு. யாருக்காக இந்தப் பாட்டப் போடலாம்மான்னுச்சு. சவுக்கு வெட்டப் போன ரெஜினாவுக்கு, கூடுவாஞ்சேரி ஆராயி குடுக்கறான்னு போடுன்னேன். உங்க ஃப்ரெண்டாம்மான்னுச்சு. இன்னும் பாக்கலப்பான்னேன். போட்டாங்க. நீ கூட கேட்டிருப்ப. எங்க தெருவே கேட்டுச்சு. ஜெயப்பிரியா ஒரு வாரம் எங்கிட்ட பேசல.

யாரும் வரல. போனும் இல்ல.

சரி, நாமளே போலாம்னுதான் பொறப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்னால இவரு லாரில லோடு ஏத்துற ஆளு. இந்தக் கடலோரம், இங்கருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் சவுக்குத் தோப்புதான் அவருக்கு வேல. அது மட்டும் எனக்குத் தெரியும். போன வாரம் வந்து பூஞ்சேரி கூட்டு ரோட்டுல இறங்கி, மீனு விக்கறவங்க, எளநி விக்கறவங்க, வயசானவங்களா பாத்து ஒவ்வொருத்தரா கேட்டேன். சாராள்னு ஒருத்தி கீறா, மீனு விக்கறா. அவ சவுக்கு வெட்டுனவ. சுப்பிரமணியா, லாரி மேல நின்னுகினு கட்டைய வாங்கி அடுக்குவானே, ஒல்லியா, அவனான்னா. இப்ப ஒல்லியில்ல, ஆனா அவருதான்னேன்.

எல்லாம் சொன்னா. இவரு மேலருந்து ஒரு வரி எடுத்து வுடுவாராம். கட்ட தூக்கிக் குடுக்கற பொண்ணு கீழருந்து பதிலு குடுக்குமாம். பொண்ணு வாயத் தொறந்தா தோப்பே அருவாள கீழ வெச்சிட்டுக் கேக்குமாம். மேஸ்திரி கூட திட்ட மாட்டாராம். நான் அங்க பொட்டவெயில்ல நின்னுகினு இதெல்லாம் கேக்கறேன். எங்கிட்ட உப்பு பத்தலன்னு கூட சொல்லாத மனுசன், இங்க லாரி மேல ஏறி நின்னுகினு பாடிகினு இருந்துருக்காரு.

பதிலு இன்னா சாராள்னு கேட்டேன். அவ தெனம் ஒண்ணு பாடுவாம்மா வாய்க்கு வந்தத, கடசி வரி மட்டும் எப்பவும் ஒண்ணுதான்னா. அது இன்னான்னு கேட்டா தலைய சொறியறா. மறந்துபூட்ச்சாம். அது அவளுக்குத்தான் வரும், மாதா கோயிலு பின்னால டெய்லர் கட வெச்சிகினு கீறா, அவளயே போயி கேளுன்னா.

ஒக்காருக்கா. ஒக்காரு. எதுக்கு எழுந்துக்கற? நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வரவ ஜாக்கெட்டு எடுத்துகினு வருவாளா?

நீ யாருன்னு தெரிஞ்சிதான் வந்தேன். மொதல்ல ஆள பாக்கணும்னு இருந்துச்சு, அதான் ஜாக்கெட்டு. பாத்துட்டேன். என்னிய மாதிரிதான் கீற, மூட்டு வலி, கண்ணாடி எல்லாம். நான் இன்னா இன்னாவோ நெனச்சிகினு வந்தேன்.

அன்னிக்கி சாயங்காலம் வாரேன்னுட்டு ஏன் போவல, வூட்ல அடச்சி வெச்சாங்களா, நீயே வேணாம்னியா, அதெல்லாம் எங்கிட்ட சொல்லாத. எனக்கு வேணாம். நீ போயிருந்தீன்னா எனக்குக் கல்யாணமும் இல்ல, ஜெயப்பிரியாவும் இல்ல. எனக்கு அந்த வரி மட்டும் போதும். அவரு அந்த எடத்துலயே நின்னுகினு கீறாருக்கா. நான் எவ்ளோ இஸ்தாலும் வரல. நீ அந்தாண்டருந்து ஒரு தள்ளு தள்ளு, நான் இந்தாண்டருந்து புடிச்சிக்கறேன். தாண்டி வந்து என்னிய ஒருவாட்டி இந்தான்னு கூப்ட்டாப் போதும். அதுக்கப்பறம் அவர வெச்சி ஒழுங்கா ஒரு சண்ட போடணும், அது எங்க வூட்டு வெசயம்.

மறந்துட்டியா? பரவால்ல. எதிர்ல வந்து நில்லு. வந்தாலும் வரும். வரலன்னா உம்மேல தப்பில்ல, நான் கெளம்பிப் பூடறேன்.

புள்ளைங்க இன்னா சொல்லுவாங்களா? கஸ்டமரு வூட்டுக்காரரு, ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. பொய்யா அது?

கூடுவாஞ்சேரிக்கெல்லாம் வர வேணாம்க்கா. யாரு கூப்ட்டா? இங்கதான் கீறாரு. வெளிய வேப்ப மரத்தாண்ட ஆட்டோ நிக்குது பாரு, அதுல. கடலு காட்டறேன்னு சொல்லி இட்டாந்தேன். ஆட்டோக்காரப் புள்ள நல்ல புள்ள, பாத்துகினு கீது. உன் கட படி ஒசரமா கீது, அவரால ஏற முடியாது. நீதான் வரணும்.

எங்க போற, வாசலு இந்தப் பக்கம். இன்னாக்கா இது, இப்பப் போயி சீப்ப எடுத்துகினு? அவருக்கு ஒரு பக்கம் பார்வையே சரியா இல்ல.

சரி, வாரிக்க. நான் நிக்கறேன்.