இரண்டு முடிச்சு குறைத்துக் கொடுத்தவள்

அவைக்குத் தலைமை ஏற்று, அரைமணி முன்னதாகவே வந்து அமர்ந்து, தாமதமாக வந்தவர்களைக் கண்ணாலேயே கண்டித்துக்கொண்டிருக்கும் செவ்வாய் வட்டத்தின் தலைவி, என் அன்புக்குரிய முபெர்ரா அக்கா அவர்களே. பந்தர்மாவிலிருந்தும் மன்யாஸிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பின்னல் தோழியரே. முன்வரிசையில் மூட்டுவலியையும் மறந்து முகமலர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே. கைப்பையைத் திறந்தால் சாவிக்கு முன்னால் நூல் சுற்றிய பின்னல் ஓடம் வந்து விழும் தாய்மார்களே. மனைவியை அழைத்துப் போக வந்து, கதவு சாத்தியதும் மாட்டிக்கொண்ட கணவன்மார்களே. உங்கள் அனைவருக்கும் கோனென் நகரத்துப் பெரிஹானின் பணிவான வணக்கம்.

என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பெண்கள் கூடிய இடத்தில் பத்து நிமிடம் ஒருத்தியை மட்டும் பேச விடுவது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் என் கணவர் ரஜெப் கண்ணை மூடியாயிற்று. நாற்பது ஆண்டு பழக்கம், அவரை விட்டுவிடுங்கள்.

மேசைமேல் ஒரு கேடயம் இருக்கிறது. 'பாதாம் மொட்டு' என்ற பின்னலைப் படைத்தவள் என்று அதில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். வட்டத்தின் வெள்ளிவிழாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அந்த மொட்டுதான். வாங்கிக்கொள்ளத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அன்பர்களே, நான் அதை வாங்கப் போவதில்லை. முபெர்ரா அக்கா, பதறாதீர்கள், உட்காருங்கள். யார்மீதும் கோபம் இல்லை. ஏன் வாங்கவில்லை என்று சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியின் முன்னால் நிற்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாகச் செவ்வாய் தவறாமல் கூடுகிறோமே, எதற்காக? பிழைப்புக்காகவா? நான் அஞ்சல் அலுவலகத்தில் முத்திரை குத்திப் பிழைத்தவள். முபெர்ரா அக்கா பள்ளியில் கணக்குச் சொல்லிப் பிழைத்தவர். பெருமைக்காகவா? தலைத்துணியின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு லேஸ் கட்டுவதில் என்ன பெரிய பெருமை? ஆசைக்காகக் கூடினோம். கட்டைவிரல் நீள ஓடமும் ஒரு கண்டு நூலும் இருந்தால் உலகத்தையே மறக்கலாம் என்ற ஒரே ஆசைக்காகக் கூடினோம்.

அந்த ஆசைக்கு ஓர் அறம் உண்டு. அந்த அறத்துக்கு மாதிரி என்று பெயர். ஒருத்தி புதுப் பின்னல் கட்டி வருகிறாள். இன்னொருத்தி பார்த்துவிட்டு மாதிரி கேட்கிறாள். கொடுத்தே ஆகவேண்டும். மூன்று வளையம் பின்னி, நறுக்கி, கேட்டவள் கையில் வைத்தே ஆகவேண்டும். சோறு கேட்டு மறுத்தவளைக்கூட நம் பெண்கள் மன்னிப்பார்கள். மாதிரி கேட்டு மறுத்தவளை மன்னிக்கமாட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் வெறும் கஞ்சப் பெண் என்ற பேரோடு போயிருப்பேன்.

நஸ்மியே. இந்தப் பெயர் தெரியாத வீடு இந்த ஊரில் உண்டா? நம் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு ஆண்டு தாதியாக இருந்தவள். உங்களில் எத்தனை பேருக்கு, உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவள் ஊசி போட்டிருக்கிறாள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா? அங்கே ஒரு பெரிய மீசைக்காரர் கையைத் தூக்காமல் தோளைத் தடவிக்கொள்கிறார். இன்னும் வலிக்கிறதோ என்னவோ. மூன்று எண்ணு என்று பிள்ளையிடம் சொல்வாள். பிள்ளை இரண்டு எண்ணுவதற்குள் ஊசியை எடுத்திருப்பாள்.

அந்தக் கை ஓடம் பிடித்தால் எப்படி இருக்கும்? ஒரு முடிச்சு பெரிது, ஒரு முடிச்சு சிறிது என்று யாரும் கண்டதில்லை. நான் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு பின்னலைக் கண்டுபிடிப்பேன். அவள் மாதிரி வாங்குவாள். அடுத்த மாதம் ஊர் அதை 'நஸ்மியே பின்னல்' என்று சொல்லும். பெற்றவள் நான், பேர் வாங்கியவள் அவள். பொறாமைப்பட்டேனா என்றா கேட்கிறீர்கள்? பொறாமையில் வெந்தேன், அன்பர்களே. அவள் என் உயிர்த்தோழி. அவள்மீதுதான் வெந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வசந்தகாலத்துச் செவ்வாய்க்கிழமை, வட்டம் என் வீட்டில் கூடியது. பாதாம் மொட்டைக் கட்டிய தலைத்துணியை அன்றுதான் முதல்முதலாக அணிந்திருந்தேன். நஸ்மியே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் நெற்றிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடீ பெரி, மரத்தையே பறிச்சுக் கட்டிட்டியா? செல்மா கல்யாணத் துணிக்கு இதுதான் வேணும். மாதிரி குடு."

"இப்பவேவா?"

"அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம். நீ நாள் பார்த்துக் குடுக்கிறதுக்குள்ள அவளுக்கு நரைச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முடிவெடுத்தேன்.

மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவில் ஒரு வளைவு வரும். அதற்குப் பத்து முடிச்சு. பத்து இருந்தால் துணியோடு தட்டையாகப் படியும். நான் எட்டு போட்டேன். இரண்டு குறைந்தால் என்ன ஆகும்? பின்னல் தெரிந்தவர்கள் இப்போதே முகத்தைச் சுளிக்கிறீர்கள். மூன்று மொட்டில் ஒன்றும் ஆகாது, லேசாக வளையும். அந்த வளைவும் தெரியக்கூடாது என்று மாதிரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, நீட்டிக் காயவைத்து, விறைப்பாக்கிக் கொடுத்தேன். ஆனால் முழுத் துணிக்கும் கட்டும்போது? நூறு மொட்டும் சேர்ந்து துணியைப் பிடித்து இழுக்கும், ஓரமெல்லாம் சுருளும். கைதவறிச் செய்த காரியம் இல்லை இது. சர்க்கரையைக் கரண்டியில் அளந்து செய்த காரியம்.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். அவிழ்த்து அவிழ்த்துப் பின்னியதில் விரல் சிவந்திருந்தது.

"பெரி, நீ குடுத்த மாதிரி தட்டையா இருக்கு, என்னுது சுருளுது. மூணு தடவை அறுத்துப் போட்டுட்டேன். எட்டுதானே?"

அன்பர்களே, அல்லா எனக்கு ஒரு வாசலைத் திறந்தான். 'பத்துடீ, நான் தப்பா எண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போயிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எட்டுதான்" என்றேன்.

சீர்வரிசையைப் பரப்பிவைத்துப் பெண்களுக்குக் காட்டும் நாள் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை அந்தத் தலைத்துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"ஊரே மெச்சுற கைன்னாங்க. கருகின போரெக் ரொட்டி ஓரம் மாதிரியில்ல சுருண்டு கிடக்கு."

நஸ்மியே என்ன செய்தாள்? அழுதாளா? ஆத்திரப்பட்டாளா? சிரித்த முகமாகவே சொன்னாள்: "மாதிரி நல்ல மாதிரிதாங்க, நம்ம பெரிஹான் குடுத்தது. என் கைதான் சரியில்ல."

என்னைக் காப்பாற்றினாள். நான் குத்தினேன், அவள் என்னைக் காப்பாற்றினாள். அப்போது என் வாயில் பக்லவா இருந்தது. அதை மென்று விழுங்கினேன்.

வீடு திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரி, யார்கிட்டயும் சொல்லாத. மாதிரியில எட்டு எண்றேன். என்னுதுலயும் எட்டு எண்றேன். அது தட்டையா இருக்கு, இது சுருளுது. அப்ப நான் எட்டுன்னு நினைக்கிறது எட்டு இல்லபோல. அம்மாவுக்கு இப்படித்தான்டீ ஆரம்பிச்சுது. நாலு பேருக்கு அஞ்சு தட்டு வைப்பாங்க. அப்புறம் என் பேரே மறந்துபோச்சு."

அந்தத் தெருமுனையில் நின்று நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் சொன்னது, "சும்மா இருடீ, கல்யாண அலைச்சல்" என்பது.

ஓடத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். வட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். அதோடு போயிற்றா? அந்த இலையுதிர்காலத்தில், நாற்பத்தொன்பது வயதில், வேலையை விட்டாள். ஏன் விட்டாள் என்று ஊரே கேட்டதே, நினைவிருக்கிறதா? மகளோடு இருக்க ஆசை என்றாள், நீங்கள் நம்பினீர்கள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்: "குழந்தைக்கு மருந்தை அளந்துட்டுத் திரும்பத் திரும்ப அளக்கிறேன் பெரி. முடிச்சு தப்பினா துணிதான் சுருளும். மருந்து தப்பினா?"

அன்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த பெருநாளுக்கு இனிப்போடு போனபோது சொல்லியிருக்கலாம். இனிப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாளே, அதைப் பார்த்த அன்றாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத் தேநீர் குடித்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "நீ போன தடவை வந்தது புதன்கிழமைதானே? மழை பெஞ்சுதுல்ல? சும்மா சரிபார்க்கிறேன்." ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வாள். பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறைகூட அவள் தவறவில்லை. தவறுவேன் என்ற பயம் மட்டும் ஒரு நாளும் அவளை விட்டுப் போகவில்லை.

இப்போது மட்டும் உனக்கு எங்கிருந்து ஞானம் வந்தது என்று நடுவரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். சரியான கேள்வி. ஞானம் வரவில்லை, அம்மா. புத்தகம் வந்தது. பாதாம் மொட்டுக்கு எத்தனை முடிச்சு என்று முபெர்ரா அக்கா கேட்டார். எட்டு என்று அச்சிட்டால் நீங்கள் நாற்பது பேரும் மறுநாளே சுருண்ட பின்னலோடு என் வாசலில் நிற்பீர்கள். பத்து என்று சொன்னேன். அச்சான பிறகுதான் உறைத்தது: இந்தப் புத்தகம் நஸ்மியே வீட்டுக்கும் போகும், அவள் எண்ணத் தெரிந்தவள். பாவத்தைக் கழுவ நான் போகவில்லை. புத்தகம் எனக்கு முந்திக்கொள்ளும் என்று பயந்து போனேன்.

போன செவ்வாய் அவள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். சர்க்கரைத் தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஓடத்தை எடுத்துவந்தாள். மொட்டு, பத்து முடிச்சு, மொட்டு, பத்து முடிச்சு. ஒரு சாண் நீளம் பின்னினாள். பன்னிரண்டு ஆண்டு தொடாத கை ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. மேசைமேல் வைத்தாள். கண்ணாடிபோலத் தட்டையாகப் படிந்தது. அதைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டாள்:

"அப்ப நான் நல்லாத்தான் இருந்தேனா?"

ஆமாம் என்றேன்.

"இத்தனை வருஷமும்?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கேடயத்தை எடுத்து வைத்துவிடுங்கள். புத்தகத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். பத்து என்ற எண் மட்டும் இருக்கட்டும். நஸ்மியேயின் பெயரைப் போடலாமே என்கிறீர்கள். நானும் அதைக் கேட்டேன். "உன் பொருள் எனக்கு எதுக்குடீ" என்றாள்.

தோழியரே, தாய்மார்களே, மடியில் ஓடத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும் என் சகோதரிகளே, தவறான முடிச்சை வெட்டலாம், வேறு நூல் சேர்க்கலாம், புதிதாகத் தொடங்கலாம். தவறான சொல்லால் ஒருத்தி தன்னையே நம்பாமல் கழித்த ஆண்டுகளை எந்த ஓடம் திரும்பப் பின்னும்? இந்த அரங்கில் என்னைப்போல் இன்னொருத்தி இருக்கலாம். மாதிரியில் குறைத்தவளாக இருக்கலாம். மருமகளிடம் குறைத்தவளாக இருக்கலாம். கூடப் பிறந்தவளிடம் குறைத்தவளாக இருக்கலாம். நான் பேசி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே, பெண்ணே. எழுந்து போ. அவள் வீட்டுக் கதவைத் தட்டு. சரியான எண்ணிக்கையைச் சொல். அவள் உன்னைத் துரத்தட்டும், தூற்றட்டும், முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தட்டும். ஆனால் தன் கை சரியான கை என்று தெரிந்துகொண்டு சாத்தட்டும்.

இதை அவளோடு வீட்டிலேயே முடித்திருக்கலாமே என்று முபெர்ரா அக்காவின் முகம் கேட்கிறது. அவள் குனிந்தது பெண்கள் நிறைந்த அறையில், அக்கா. சமையலறையில் சொல்லி அதை நிமிர்த்த முடியாது.

நஸ்மியே இன்று வரவில்லை. இங்கே வருமுன் அவள் வாசலில் நின்று, மேடையில் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. எனக்குப் புத்தி கெடலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள். நான் படியிறங்கும்போது திரும்பக் கூப்பிட்டாள்.

"பெரி, கடைசியில நஸ்மியே மன்னிச்சுட்டான்னு சொல்லிக் கைதட்டு வாங்காத. நான் மன்னிக்கல."

ஆகையால், அன்பர்களே, கைதட்ட வேண்டாம். இவ்வளவு நேரமும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. உங்கள் எல்லோருடைய கைகளுக்கும் நலம் உண்டாகட்டும். வணக்கம்.