நான்காம் மாடி ஊஞ்சல்

ஊஞ்சல் செய்யச் சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எடையைத்தான். யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அதனால் நானாகவே ஆறு கிலோ கூட்டிக்கொள்வேன். பிறகு எங்கே மாட்டப்போகிறார்கள், யார் ஆடுவார்கள், மெல்லவா வேகமாகவா என்று விசாரிப்பேன். பொருள் அழகாக இருந்தால் போதாது. ஆளுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

கணபதி பகுதியில் எங்கள் பட்டறை. வரைவது நான், இரும்பு வேலை என் கணவர் அருள்குமார். பதினான்கு வருடங்களில் நான் வரைந்த ஒன்றுகூட வரைந்தபடி வெளியே போனதில்லை. கொடி போல ஒரு சங்கிலி வரைவேன். லாரியைக் கட்டி இழுக்கிற சங்கிலியாக அது மாறியிருக்கும். கேட்டால், வந்தவர்கள் முன்னாலேயே சிரிப்பார்.

“அம்மணி நல்லா கோலம் போடும்ங்க. கோலத்துல உக்கார முடியுங்களா?”

மாட்டிய ஊஞ்சலில் முதலில் ஏறுவதும் அவர்தான். மூன்று ஆட்டம், ஒன்றைவிட ஒன்று உயரமாக. “நூத்திநாலு கிலோ ஆடிப்போட்டேனுங்க. இனி யானையே வந்தாலும் தாங்கும்” என்பார். எங்கள் பட்டறையின் உத்தரவாதச் சீட்டு அவர் உடம்புதான்.

போன தையில் செல்லாத்தாள் வந்தார். வடவள்ளியில் நான்காம் மாடி வீடு, தனி ஆள்.

“நாப்பத்தஞ்சு கிலோதானுங்க நானு. பால்கனில மருதமலையப் பாத்துட்டே ஆடோணும். சங்கிலி கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்க.”

எனக்காகவே பிறந்த வாடிக்கையாளர். அப்போது அருள்குமார் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலைக்குக் கூரை போடப் போயிருந்தார். பத்து நாளில், அவரைப் பார்த்துப் பழகிய கையால், நான் வரைந்தபடியே ஓர் ஊஞ்சலை நானே செய்து முடித்தேன். கொலுசு மாதிரி இருந்தது.

மாட்டுகிற அன்று அவரும் வந்துவிட்டார்.

“என்ன புள்ள, கொலுசுல தொங்க உட்டிருக்கற? மூணு ஆட்டம் பாப்போம். கிறீச்சுன்னாக்கூட நாளைக்கே வேற மாத்திப்போடுவேன்.”

“ஆடிப் பாருங்க மாமா” என்றேன்.

செல்லாத்தாள் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஊஞ்சல் மலையை நோக்கி எழும்பியபோது கொக்கி விரிந்தது. பால்கனிக் கம்பி அருள்குமாரின் இடுப்புயரம்கூட இல்லை. அதையும் நான் முன்பே அளந்திருந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொக்கியை நூற்றிப்பத்து கிலோவுக்கு வரைந்தது செல்லாத்தாளின் எடையைப் பார்த்து அல்ல. அவருக்கு ஐம்பத்தொன்று போதும். முதலில் ஏறப்போவது யார், எப்படி ஆடுவார் என்று தெரிந்து வரைந்தேன். ஆட ஆடப் பாரம் ஏறி இரண்டாவது ஆட்டத்தில் விரியும் என்பது என் கணக்கு; மூன்றுவரை தாங்கியது. அந்த வகையில் எதிர்பார்த்ததைவிட நல்ல பொருள்.

பட்டறையில் இப்போது சத்தமே இல்லை. வரைய வசதிதான். என்றாலும் கை அவ்வளவாக ஓடவில்லை.

ஊஞ்சல் இல்லாமல் பால்கனி வெறிச்சென்று இருப்பதாகச் செல்லாத்தாள் ஆள் அனுப்பினார். போன வாரம் புதிதாக மாட்டிக் கொடுத்தேன். நானே ஏறி மூன்று ஆட்டம் ஆடியும் பார்த்தேன். அவருக்குத் திருப்தியில்லை.

“ஏனுங்க அம்மணி, லாரிச் சங்கிலி மாதிரியல்லங்க இருக்குது?”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“கோலத்துல உக்கார முடியுங்களா?” என்றேன்.