கட்டுரைக்குப் போட்ட பூட்டு

…தொறக்கச் சொன்னதும் நான்தான் சார், இப்ப மூடச் சொல்லப் போறதும் நான்தான்! சிரிக்காதீங்க. இந்த பஸ்ஸு சிதம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். நீங்க ஜன்னல் ஓரம் போயிடுங்க, எனக்குக் கைய வீசிப் பேசினாதான் பேச்சு வரும்.

தோழர் குஞ்சிதபாதம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நான்தான். இல்லியா? விருத்தாசலத்துலதான ஏறுனீங்க? ஊருக்குப் புதுசா… அதான பாத்தேன்.

பீங்கான் கம்பெனி ஸ்ட்ரைக்கு சார். கப்பு, பொம்ம, ஃபியூஸ் கட்ட எல்லாம் செய்யிற எடம். மாவுத் தூசி நெஞ்சுல எறங்கி ஆளுங்க லொக்கு லொக்குன்னு இருமறாங்க. மூஞ்சிக்குக் கட்ட ஒரு மாஸ்க்கு குடுய்யான்னா மொதலாளி தரல. நான் என்னா பண்ணேன்? கொடியக் கடிச்சிக்கிட்டு சூள பொகபோக்கி மேல ஏறிட்டேன்! கீழ போலீஸு, ஃபயர் சர்வீஸு. மாஸ்க்கு வந்தாதான் எறங்குவேன்னுட்டேன். வந்திச்சு சார்! அந்நேரம் இந்த ஜெயராஜ் எங்க இருந்தான்? எதிர் சங்கத்துத் தலைவரு! மங்கலம்பேட்டையில பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தான். சால்னா பத்தலன்னு அங்க ஒரு சண்ட வேற.

சரி… அது பழங்கத. போன வருசம் தேஜஸ்வினின்னு ஒரு பொண்ணு வந்திச்சு. சிதம்பரம் யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி. டீக்கடையில உக்கார வெச்சி முழுசா சொன்னேன். கேட்டுக்கிட்டு எந்திரிக்காம இருந்த மொத ஆளு அதான் சார். அத வெச்சிக் கட்டுர எழுதி, ஃபாரின் பத்திரிகையில வந்துடுச்சாம். வெளிநாட்டுல! ஊரு பூரா சொல்லிட்டேன்.

பிரவுசிங் சென்டர் ஜெசிகிட்டப் போயி, "எடும்மா அத"ங்கறேன். தலைப்பு வருது. மேல நாலு வரி வருது. அதுக்கப்பறம் ஒரு பூட்டுப் படம்! காசு கட்டினாதான் மிச்சம் தெரியுமாம். என் வாழ்க்கைய நான் படிக்க நானே காசு கட்டணுமா? தேஜஸ்வினிக்குப் போன் போட்டேன். "தோழர் பேசறேன்"னாலே அதுக்குத் தெரியும். "எல்லாரும் படிக்கிற மாதிரி தொறந்து வைக்கணும்னா, எழுதின நானே பத்திரிகைக்குப் பெரிய தொகை கட்டணும் ஐயா"ங்குது. எழுதினவங்களே கட்டணுமாம் சார்! உழைக்கிறதும் இவ, கட்றதும் இவ… எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு.

நோட்டீஸு அடிச்சேன். 'அறிவுக்குப் பூட்டா? ஆதிக்கமே, சாவியை எடு!' அதுல 'ஆதிக்கமே'ங்கறது நான் போட்டது. பாலக்கர பக்கம் கொடும்பாவி கொளுத்தினோம். அந்தப் பத்திரிக மொதலாளி மூஞ்சி யாருக்குத் தெரியும்? வைக்கோல் பொம்மைக்கு ஒரு தொப்பிய மாட்டி, கழுத்துல பூட்டத் தொங்கவிட்டேன். எஸ்.ஐ. வந்து, "இது யாருங்க?"ன்னாரு. "ஆராய்ச்சிப் பத்திரிக மொதலாளி." "எங்க இருக்காரு?" "ஃபாரின்ல." "அப்ப அங்க போயி கொளுத்துங்க"ன்னுட்டு தண்ணிய ஊத்திட்டாரு. பூட்டு மட்டும் வீணாப் போவல, சைக்கிளுக்குப் போட்டிருக்கேன்.

உண்ணாவிரதத்துக்குப் பந்தல்காரன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கறேன், அந்தப் பொண்ணு போன் பண்ணுது. "ஐயா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் டைப் பண்ணி வெச்சிருந்த பிரதிய யுனிவர்சிட்டி லைப்ரரி வெப்சைட்ல போட்டுக்கலாம். பத்திரிகையே அனுமதிச்சிருக்குது. போட்டுட்டேன். இனி யாரும் சும்மா படிக்கலாம்." அவ்ளோதான்! மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து போட்டிருக்கா. முன்னாடியே செஞ்சிருந்தா ஒரு பொம்ம மிச்சம்! இருந்தாலும் போராட்டத்துக்குக் கெடச்ச வெற்றின்னுதான் நோட்டீஸு அடிச்சேன். 'தோழர் குஞ்சிதபாதத்தின் வீர வரலாறு உலக மக்களுக்கு இலவசம்!'

கட்டுரைய ஜெராக்ஸ் எடுத்து பஸ் ஸ்டாண்டு பூரா குடுத்தேன். இங்கிலீஷு… நமக்கு ஓடாது. கடைசி கட்டையும் குடுத்துட்டு வந்துதான் ஜெசிய, "தமிழ்ல சொல்லும்மா"ன்னேன். அவ படிக்கிறா… 'பொகபோக்கி உச்சியில அசையாம நின்ன அந்தத் தலைவர் ஜெயராஜ்…'

ஜெயராஜ் சார்! ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஜெயராஜ்! ஏறினது ஜெயராஜ், கொடியக் கடிச்சது ஜெயராஜ்!

அவன் சும்மா இருப்பானா? வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்து லேமினேஷன் பண்ணிக்கிட்டுப் போறான். 'உலகம் போற்றும் போராளி'ன்னு ஃப்ளெக்ஸு. அதகூடப் பொறுத்துக்குவேன் சார். நேத்து என்கிட்டயே வந்து, "மேல காத்து என்னமா அடிச்சிது தெரியுமா தோழரே"ங்கறான்! அவனே நம்பிட்டான்! இன்னும் கொஞ்ச நாள் போனா நான்தான் பரோட்டா தின்னேன்னு எழுதிடுவாங்க. எனக்குன்னு என்னா சார் இருக்குது? சொத்தா? பதவியா? அந்த பொகபோக்கி ஒண்ணுதான்.

அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி, "எவன் சொல்லி இப்படி எழுதுன, எவ்ளோ வாங்குன?"ன்னு வுட்டேன் பாருங்க. அது என்னமோ சொல்ல வந்திச்சு. நான் வுடல. எதிராளியப் பேச வுடக்கூடாது, அது போராட்ட முற. இப்ப நேரா போயி, மறுபடி பூட்டுடின்னு சொல்லப் போறேன்…

சேத்தியாத்தோப்பு வந்துடுச்சா? என்னா இங்கியே நிக்கிது? இருங்க, எந்திரிச்சி முன்னாடி போயிப் பாக்கறேன். செக்கிங்கா?

என்னாங்க? டிக்கெட்டா? அட… பேச்சு சொவாரஸ்யத்துல எடுக்கல. வேணும்னேவா பண்ணுவாங்க? எழுதிக்கிங்க, எழுதிக்கிங்க. கேஸுக்குப் பயந்தவன் நான் இல்ல. பேரா?

ஜெயராஜ்.

…

ஐயையோ.

இருங்க இருங்க, எழுதாதீங்க! நாப்பது வருசப் பழக்கம்ங்க… எதிர்ல ஒருத்தரு பேனாவத் தொறந்துக்கிட்டு 'பேரு சொல்லு'ன்னா, இந்த நாக்கு அவன் பேரத்தான் சொல்லும். மறியலு, கல்லெறி… எல்லா கேஸும் அவன் பேருலதான். பாவம், கோர்ட்டுக்குக்கூட போயிருக்கான்… அந்தப் பொண்ணும் டீக்கடையில மொதல்ல நோட்டத் தொறந்து பேனாவ எடுத்துச்சே… 'பேரு சொல்லுங்க ஐயா'ன்னுச்சே…

அடிச்சிடுங்க அத! குஞ்சிதபாதம். கு-ஞ்-சி… நெசமாத்தாங்க! பொகபோக்கியில ஏறினது நான்தாங்க! சார், இவருகிட்ட நீங்களாவது சொல்லுங்க சார், இவ்ளோ நேரம் கேட்டீங்கள்ள…

சார்?

எப்ப எறங்கினாரு?