மாப்பிள்ளைச் சவரம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், சார்ஜெண்ட். கல்யாண வீட்டில் ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அதைப் பல வருடம் பேசுவார்கள். மாப்பிள்ளை லெஃப்தெரிஸ், காலமான என் தம்பியின் ஒரே மகன், ஜன்னலோர நாற்காலியில். அவன் அம்மா டெஸ்பூ, ஆலிவ் இலைப் புகைச்சட்டியோடு கதவருகில். மாப்பிள்ளைத் தோழன் ஸ்டாவ்ரினோஸ். வயலின்காரர் ஹாம்பிஸ், அவருக்குப் பக்கத்தில் லவுத்தோ என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் பியெரிஸ். பிறகு நான், பொலிக்கார்போஸ் ஹாஜிசவ்வாஸ், கையில் கத்தியோடு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் உள்ளே அழைக்கப்படாதவர்கள்.

மற்ற வீடுகளில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தோழன் சவரம் செய்வான், அல்லது கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் குடும்பத்தின் மூத்தவர்தான் செய்ய வேண்டும். என் அப்பாவுக்கு அவருடைய பெரியப்பா செய்தார். என் தம்பி சவ்வாஸுக்கு நான் செய்தேன். எங்கள் பெயருக்கு முன்னால் ஹாஜி என்று வருவது சும்மா வந்ததல்ல. முப்பாட்டனார் கழுதையில் ஏறி, கப்பலில் ஏறி, புனித யாத்திரை போய் ஜோர்டான் ஆற்றில் மூழ்கிவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட வீட்டு முகத்தை வெளியாள் தொடுவதில்லை.

நான் சிக்கனமானவன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் பாஃபோஸ் நகரத்துக்குப் போயிருந்தபோது, சூப்பர் மார்க்கெட்டில் ரேசர் தலை வாங்கப் பார்த்தேன். நான்கு தலைகள் கொண்ட பொட்டலம், ஒரு கிலோ ஆட்டுக்கறியை விட விலை அதிகம். திருட்டுப் போகிறது என்று அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். திறக்கச் சொல்லி ஒரு சின்னப் பெண்ணைக் கேட்டேன். “தாத்தா, அங்கயே நில்லுங்க, சாவி கேஷியர்கிட்ட இருக்கு,” என்றாள். நின்றேன். ஹாஜிசவ்வாஸ் வீட்டில் எவனும் தன் முகத்தை மழிக்க இன்னொருவர் சாவிக்காக நின்றதில்லை. வாங்காமலே திரும்பி வந்தேன். பழைய முறைக்குப் போவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். முழுக்க முழுக்கச் செலவைக் குறைக்கத்தான்.

கணக்கு எளிமையானது. பழைய மாதிரி இரட்டை முனை பிளேடு ஒன்று பத்து சென்ட். அதை மாட்ட எஃகு ரேசர் வேண்டும். நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க வரும் என்றார் கடைக்காரர். அது உண்மை. ஆகவே மூன்று வாங்கினேன். நுரை எழுப்ப பாட்ஜர் என்னும் காட்டு விலங்கின் முடியில் செய்த பிரஷ் வேண்டும். ஒழுங்காகக் காயவைத்தால் ஒரு பிரஷ் இருபது வருடம் உழைக்கும். என்னிடம் பதினொன்று இருக்கின்றன. அதாவது இந்தக் குடும்பத்துக்கு இருநூற்று இருபது வருடத்துக்குப் பிரஷ் செலவே கிடையாது. இந்த முன்யோசனை இன்று யாருக்கு இருக்கிறது?

சோப்பு இத்தாலியிலிருந்து வந்தது, ஆட்டுக்கொழுப்பில் செய்தது. எங்கள் ஊரில் மனிதரை விட ஆடுகள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அது வேறு கொழுப்பு. பிறகு ஜெர்மன் சவரக்கத்தி. கத்தி இருந்தால் பிளேடே வேண்டாம், அந்தப் பத்து சென்ட்டும் மிச்சம் என்று யோசித்தேன். கத்தியைத் தீட்ட பெல்ஜியத்திலிருந்து ஒரு கல். அந்தக் கல் விட்டுவைக்கும் சொரசொரப்பை எடுக்க ஜப்பானிலிருந்து ஒரு கல். ஜப்பான் கல்லைச் சமப்படுத்த இன்னொரு கல். தபால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “என்ன பெரியவரே, வீடு கட்டுறீங்களா, கல்லாவே வருது,” என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தபால்காரர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. என் தம்பி சாகும்போது கடலோரம் கரோப் மரங்கள் நிற்கும் ஒரு நிலத்தை மகன் பெயருக்கு விட்டுப் போனான். லெஃப்தெரிஸ் படிக்க வெளிநாடு போனபோது, அந்த நிலம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தே செல்லும் என்று எழுதிக் கொடுத்தான். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றான். நல்ல வளர்ப்பு.

நான் அதை ஒரே நாளில் விற்றுவிடவில்லை, அவசரக்காரன் அல்ல. முதலில் மேற்கு ஓரம், அது வெறும் கல்லும் முள்ளும். பிறகு நடுப்பகுதி. கடைசியாகக் கடலை ஒட்டிய பகுதி. துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, நிலமே இல்லாவிட்டால் வரியும் இல்லை. விடுதி நடத்துகிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு லெஃப்தெரிஸும் மணப்பெண் ரொதோதியாவும் அங்கே வீடு கட்டுவதாக இருந்தது. வரைபடத்தை டெஸ்பூ குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். காபி குடிக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மூன்று அறை, கடல் பக்கம் ஒரு வராந்தா. நல்ல வரைபடம். சமையலறை மட்டும் கொஞ்சம் சிறிது என்று பட்டது. சொன்னேன். மாற்றினார்கள்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். நான் பெட்டிகளைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, பொருட்களை மேசையில் அடுக்கினேன். எல்லாவற்றையும் கொண்டுபோகவில்லை; ஒரு கல்யாணத்துக்கு எது தகுமோ அதை மட்டும். அப்போது லெஃப்தெரிஸ் குளித்துவிட்டு வந்தான். கையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ரேசர். ஒரு தடவை இழுத்துவிட்டுக் குப்பையில் போடுகிற சாமான்.

“பெரியப்பா, உங்க கத்தியப் பாத்தாலே பயமா இருக்கு. இதால ரெண்டு இழு இழுத்து விட்டுருங்க. பத்து சேத்து ஒரு யூரோ எண்பதுதான்,” என்றான்.

ஸ்டாவ்ரினோஸ் விடவில்லை. “டேய், அந்த வெலைக்கு மழிச்சிட்டுப் போனா, பொண்ணு வீட்ல உன்னையும் தள்ளுபடியில புடிச்சிட்டு வந்ததா நெனப்பாங்கடா.”

எல்லோரும் சிரித்தார்கள். பியெரிஸ் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். நான் அந்த நீலச் சாமானைத் துணியால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். இதற்காகத்தான் நான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இளைஞர்கள் விளையாட்டாகப் பேசுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளும் பக்குவம் எனக்கு உண்டு.

ஹாம்பிஸ் வாசிக்கத் தொடங்கினார். கத்தியே மெதுவாகப் போ, மாப்பிள்ளைக்கு நோகாமல் போ என்று அவராகக் கட்டிப் பாடினார். குரல் முன்பு போல இல்லை, ஆனாலும் பாடினார். நான் நுரை எழுப்பினேன். நல்ல நுரை தயிர் போல நிற்க வேண்டும், சோப்புத்தண்ணீர் போல ஒழுகக் கூடாது. கத்தியைத் தோல் வாரில் தீட்டி, வலது கன்னத்தை முடித்தேன். முகவாயை முடித்தேன். அப்போது மாப்பிள்ளைத் துணிகளை ஆடவைக்கும் நேரம் வந்தது. உங்களுக்கும் தெரியும், கல்யாண உடுப்புகள் வைத்த கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு முற்றத்தில் ஆடுவார்கள். ஸ்டாவ்ரினோஸ் கூடையைத் தூக்கினான். வாத்தியக்காரர்கள் அவன் பின்னால் போனார்கள். வாசலில் நின்றவர்களும் போனார்கள். டெஸ்பூ மட்டும் கதவில் ஒரு நொடி நின்றாள்.

“அத்தான், கழுத்துப் பக்கம் பாத்து. ஒரு கீறல் விழுந்தாலும் போட்டோல தெரியும்.”

என் கையால் இதுவரை யாருக்கும் கீறல் விழுந்ததில்லை என்றேன். அது உண்மை. அவளும் போனாள்.

லெஃப்தெரிஸ் கண்ணை மூடிக்கொண்டே பேசினான். உதடு அசையாமல் பேசினான், சவரத்தின்போது அப்படித்தான் பேச வேண்டும்.

“வெள்ளிக்கிழம நான் மட்டும் நிலத்தப் பாக்கப் போயிருந்தேன் பெரியப்பா. அங்க நீச்சல் குளம் இருக்கு.”

நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“காவலுக்கு நின்னவன் சொன்னான், ஹாஜிசவ்வாஸ் பெரியவர் வித்த எடம்னு. அந்தப் பணம் எங்க பெரியப்பா?”

அவன் குரலில் கோபம் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மேசையைக் காட்டினேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். எல்லாமே இதற்கா என்று கேட்டான். எல்லாம் இங்கே இல்லை, மீதி வீட்டில் இருக்கிறது என்றேன். பதினொரு பிரஷ், இருநூற்று இருபது வருடம், அந்தக் கணக்கையும் விளக்கினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்து நுரை கழுத்தில் வழிகிற அளவுக்குச் சிரித்தான். பிறகு என் கையைப் பிடித்தான்.

“சரி, விடுங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம். ரொதோதியாகிட்ட நான் எதாவது சொல்லிக்கிறேன். அப்பா போனப்பறம் என்னை நீங்கதான பாத்தீங்க. உங்க மானம் போக நான் விடமாட்டேன். திங்கக்கிழம உக்காந்து இதையெல்லாம் இணையத்துல போட்டு வித்துரலாம். பழசுதான, பாதி வெல வந்தாலும் ஒரு ரூம் எழுப்பிரலாம்.”

பாதி விலை என்றான். நான் நிதானமாகவே விளக்கினேன். பிரஷ் பழகப் பழகத்தான் முடியின் நுனி மென்மையாகும், நான்கு வருடம் பழகிய பிரஷ் புதியதை விட உயர்ந்தது, அதை விலை பேச முடியாது என்றேன். அவன் பாதிதான் காதில் வாங்கினான்.

“பெரியப்பா, அது வெறும் மயிர் பெரியப்பா,” என்றான்.

தப்பாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். கண்ணை மறுபடி மூடி, தலையைச் சாய்த்துக் கொடுத்தான். அவன் சிறுவயதிலேயே அப்படித்தான், நாற்காலியில் உட்கார்ந்தால் அசையமாட்டான்.

நீங்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கத்தி முன்பின் தெரியாத எவனோ ஒருவன் தாடையில் ஏறும். எங்கள் பிரஷ்ஷை ஏதோ ஒரு குளியலறையில் நீரில் ஊறப்போட்டு வைப்பான். பெட்டி வந்து சேர்ந்ததும், பிடியில் கறை இருக்கிறது, விலையைக் குறை என்று எனக்கு எழுதுவான். இது ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய அவமானம். நிலம் போனதால் யாரும் எங்களைக் குறைவாகப் பேசியதில்லை. நிலம் எல்லோருக்கும் போகிறது.

அதனால் அவன் முகவாயைச் சற்று உயர்த்தினேன். முற்றத்தில் ஆட்டம் சூடு பிடித்திருந்தது, யாரோ சீட்டியடித்தார்கள். கத்தி அன்று நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. அவனுக்கு வலித்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். மலிவான சாமானாக இருந்தால் இந்த உறுதியை என்னால் தர முடியாது. மாப்பிள்ளை இடுப்பில் கட்ட வைத்திருந்த சிவப்புத் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். தலை நாற்காலியில் நேராக நிற்கும்படி வைத்தேன். கத்தியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினேன். எண்ணெய் தடவாவிட்டால் துரு பிடிக்கும்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஹாம்பிஸ் வாசித்துக்கொண்டே வந்தார். டெஸ்பூ நேராக மகனிடம் போய், வழக்கப்படி புகைச்சட்டியை அவன் தலையைச் சுற்றி மூன்று முறை காட்டத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. சடங்கை நடுவில் நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மூன்றாவது சுற்றில்தான் அவள் கை நின்றது.

மணப்பெண்ணை நினைத்தால் எனக்கு வருத்தம் உண்டு. தேவாலய வாசலில் வெகுநேரம் நின்றாளாம். அவள் வீட்டார் ஊர் முழுவதற்கும் கோதுமையும் ஆட்டுக்கறியும் சேர்த்துக் கிண்டி வைத்திருந்தார்கள். எல்லாம் வீணாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பொருள் வீணாவதை என்னால் தாங்க முடியாது.

இரண்டு வேண்டுகோள்கள். நிலம் விற்ற விஷயத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள். அவன் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான்; அவன் வாக்கைக் காப்பாற்றுவது நம் கடமை. இன்னொன்று, என் பிரஷ்ஷை உங்கள் ஆட்கள் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டியதைப் பார்த்தேன். அப்படி வைத்தால் முடி அழுகிவிடும். முடி கீழே பார்க்கும்படி காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது.

காபிக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். ஹாஜிசவ்வாஸ் வீட்டு மாப்பிள்ளையைப் பாதி மழித்த முகத்தோடு புதைத்தார்கள் என்று. அது பொய். அவர்கள் உள்ளே வருவதற்குள் இடது கன்னத்தையும் முடித்துவிட்டேன்.